கள்ளம் கண்டுபிடிக்கும் ரயில்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள். மின்சாரத்தைப் பற்றி எழுதுவதற்குப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் பேனாவை எடுப்பது அதிகப்பிரசங்கம்தான். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேச வேண்டிய நேரத்தில் ஒரு வீட்டில் யாருமே பேசாமல் இருந்தால் என்ன ஆகப் பார்க்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் அது. நாங்கள் மலாக்காவில் காஜா பெராங்கில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பலகைச் சுவர், தகரக் கூரை, முன்கூடத்தில் சிமெண்டுத் தரை. வாசலில் ஒரு தண்ணீர்ச் சாடி, அதன்மேல் ஒரு சிரட்டை. யார் வந்தாலும் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். இது என் வீட்டுக்காரரின் அக்கா போட்ட சட்டம். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், எங்கள் ஐந்து வயது மகள், அந்த அக்கா, ஆக நாலு பேர்தான். நானும் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன்.

அக்காவின் கணவர் முன்பு மலாக்காவிலிருந்து தம்பின் என்ற ஊருக்குப் போகும் ரயில் பாதையில் வேலை செய்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து, சயாமில் புதுப் பாதை போடக் கொண்டுபோனார்கள். பெயர்த்த ஆட்களில் சிலரையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். அக்காவின் கணவர் அப்படிப் போனவர்தான். அவர் திரும்பி வரவில்லை. செத்துவிட்டார் என்று வந்து சொன்னவர்களும் கிடையாது. அதனால் அக்கா தாலியைக் கழற்றவில்லை, பூ மட்டும் வைப்பதில்லை. அதற்குப் பிறகு மலாக்காவுக்கு ரயிலும் வரவில்லை.

அக்காவுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. மீன்காரரின் தராசு, தையல்காரரின் முழக்கோல், பால்காரரின் செம்பு எல்லாவற்றிலும் ஒரு தில்லுமுல்லு இருக்கும் என்பார். முக்கால்வாசி நேரம் அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. அதுதான் கஷ்டம்.

என் வீட்டுக்காரர் ஒரு அரசாங்க ஆபீசில் பியூன். அங்கே இருந்த வெள்ளைக்கார அதிகாரி சீமைக்குத் திரும்பும்போது, புக்கிட் பாரு பக்கம் இருந்த தம் பங்களாவைக் காலி செய்தார். ஒருவருக்கு நாற்காலி, ஒருவருக்கு மேசைவிளக்கு என்று சாமான்களைக் கொடுத்தார். என் வீட்டுக்காரருக்கு பூட்ஸ் வைக்கிற ஒரு சப்பாத்துப் பெட்டி கிடைத்தது. அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். திறந்தால், உள்ளே ரயில்.

அவ்வளவு சின்ன ரயிலை நான் பார்த்ததே இல்லை. எஞ்சின் என் நடுவிரல் நீளம். பெட்டிகள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், கண்ணாடி வைத்த ஜன்னலோடு. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் சுண்டுவிரலை வைத்தால் சரியாக இருக்கும். துண்டு துண்டாக இருந்த தண்டவாளத்தைச் சேர்த்தால் ஒரு வட்டம் வந்தது.

அக்கா முதலில் கேட்டது, "குடுத்தானா, எடுத்தியா?"

"என்னக்கா நீங்க. கையில குடுத்து, தோளைத் தட்டினார்."

"தோளைத் தட்டினா எதையோ மறைக்கிறான்னு அர்த்தம். நல்லாப் பாரு, எது இல்லைன்னு."

பார்த்தால், இல்லாமல்தான் இருந்தது. ரயில் கரண்டில் ஓடுவது. வீட்டுக் கரண்டை அப்படியே கொடுத்தால் எரிந்துபோகும். குறைத்துக் கொடுக்க ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியை மட்டும் காணோம். பங்களாச் சமையல்காரர்தான் ரேடியோ சாமான் என்று நினைத்து எடுத்துக்கொண்டார் என்று என் வீட்டுக்காரர் சந்தேகப்பட்டார். அதிகாரியே வைத்துக்கொண்டார் என்று அக்கா சொன்னார். எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம், வெளியே சொல்லவில்லை. ஓட்டுகிற பெட்டி இல்லாமல் வந்த சாமானை ஓட்டத்தான் வேண்டுமா என்று.

டவுனில் ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒரு தமிழ் முஸ்லிம் இருந்தார். எல்லோரும் அவரை நானா என்று கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் ரயிலை அவரிடம் கொண்டுபோனார். நானா ஒரு மரப்பெட்டி செய்து கொடுத்தார். சுற்றிலும் ஓட்டை போட்டிருந்தது. கரண்டு போகும்போது அந்த ஓட்டைகளில் மஞ்சளாக வெளிச்சம் வரும், பெட்டி கதகதவென்று சூடாகும். எங்கள் வீட்டில் பிளக் கிடையாது. கூடத்து விளக்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பெட்டியின் ஒயரை மாட்டுவார். அதனால் ரயில் எப்போதும் சாயங்காலம், இருட்டுவதற்கு முன்னால்தான் ஓடும்.

கூடத்தில் மெங்குவாங் என்கிற தாழை ஓலைப் பாயை விரித்து, அதன்மேல் வட்டத்தை வைத்தார். முதல்முறை ஓடியபோது என் மகள் கத்தவில்லை, கை தட்டவில்லை. வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு அதுதான் உலகம். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். ஆபீசில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மணியடித்துத்தான் கூப்பிடுவார்கள். இங்கே அவர் விரலை அசைத்தால் ஒரு ரயில் புறப்பட்டது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. பெட்டியின் சூட்டைப் பார்த்து நான் ஒதுங்கி நின்றேன். அக்கா மட்டும் அதன்மேல் அப்பளத்தை அடுக்கினார். "சும்மா காயற சூடு, வீணாப் போகணுமா?"

முதலில் மாட்டியவர் பால்காரர். மாடுகளைப் புக்கிட் பாருவில் கட்டியிருந்தார். சாயங்காலப் பால் ஊற்ற வந்தவர், கூடத்தில் ஏதோ ஓடுவதைப் பார்த்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். "இதுவா ரயிலு? எங்க பாப்பம்," என்று பாய்க்கு வெளியே நின்றபடியே குனிந்து தண்டவாளத்தைத் தொட்டார். "ஆத்தாடி!" என்று ஒரு துள்ளு துள்ளினார். பால்செம்பு உருண்டது.

அக்கா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தார். கையை உதறிக்கொண்டு நின்ற பால்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"பாத்தியாடா தம்பி! தண்ணி கலக்கிற கை. ரயிலுக்குத் தெரியுது."

"என்னம்மா பேசறீங்க? மாடு குடிக்கிற தண்ணிக்கு மேல நான் ஒரு சொட்டு சேக்கறதில்ல."

"மாடு குடிச்ச தண்ணி மடியோட நிக்கணும்யா, செம்புக்கு எப்படி வந்துது?"

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். தாமே தண்டவாளத்தைத் தொட்டுக் காட்டினார். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. மகளும் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. பால்காரர் முகம் சுண்டிப்போய்ப் போனார். மறுவாரம் பால் கொஞ்சம் கெட்டியாகத்தான் வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அத்தோடு அக்காவுக்கு உறுதியாகிவிட்டது. ஊரில் சந்தேகம் வந்தால் கற்பூரத்தை ஏற்றி, அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் கற்பூரத்துக்குப் பதில் ரயில் வந்துவிட்டது. மனசில் கள்ளம் இருந்தால் கடிக்கும், இல்லாவிட்டால் கடிக்காது.

ஒருநாள் மழையில் நனைந்த பூனை கூடத்துக்குள் ஓடிவந்து தண்டவாளத்தில் கால் வைத்தது. ஒரே அலறல், எகிறிக் குதித்துச் சுவர்மேல் ஏறிவிட்டது. நான் பயந்துபோய், "பூனைக்கு என்னக்கா கள்ளம்?" என்று கேட்டுவிட்டேன்.

"நேத்து நெத்திலியைத் தின்னது யாரு? நீயா?"

நான் பூனையைச் சுவரிலிருந்து இறக்கப் போனேன்.

பிறகு நான். பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ரயில் வளைவில் கவிழ்ந்துவிட்டது, எடுத்து வை என்று மகள் கூப்பிட்டாள். வந்த வேகத்தில் தரையில் நின்று குனிந்தேன். விரல் பட்டதும் முழங்கைவரை யாரோ நரம்பைப் பிடித்துச் சுண்டியது போல் இருந்தது. எப்படிக் கத்தாமல் இருந்தேனோ தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. முதுகு பிடிச்சுக்கிச்சு."

அன்று முழுக்க என் மனசில் என்ன கள்ளம் என்று நானே தேடிக்கொண்டிருந்தேன். சிரிப்பீர்கள். ஆனால் தேடினால் கிடைக்காத மனசு எது? அக்காவுக்குத் தெரியாமல் பலாச்சுளை தின்றது, அக்கா இரண்டு நாள் செமாபோக்கில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனபோது வீடு அமைதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டது எல்லாம் வந்து நின்றன. அந்த ரயிலுக்கு என்னைத் தெரிந்துவிட்டது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கும்போதுதான் என் காலைப் பார்த்தேன். ஈரம். பால்காரர் கால் கழுவிக்கொண்டு வந்தவர். பூனை மழையில் வந்தது. நான் தண்ணீரில் நின்றவள். சந்தேகம் அப்போது ரயில் மேலும் பெட்டி மேலும் திரும்பியது. பிறகு சட்டென்று மகளின் ஞாபகம் வந்தது. சாயங்காலம் குளித்துவிட்டு, நேராக ரயிலுக்குத்தான் ஓடுவாள். பெரியவர்களைத் துள்ள வைக்கிறது அவளை என்ன செய்யும்?

அன்றிலிருந்து நான் துண்டோடு திரிந்தேன். அவள் குளித்து வந்தால் கால் விரலிடுக்குவரை துடைத்து, தூக்கிக்கொண்டு போய்ப் பாயில் உட்கார வைப்பேன். அக்கா அதையும் பார்த்தார்.

"என்ன, மகாராணி கால் தரையில படக்கூடாதோ?"

"சளி பிடிக்கும்க்கா."

"இத்தனை நாள் பிடிக்காத சளி."

வீட்டுக்காரரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "ஏங்க, ஈரத்தில கரண்ட் ஏறும்னு சொல்வாங்களே..."

"அது வீட்டுக் கரண்ட். இது குறைச்ச கரண்ட். பன்னெண்டு வோல்ட்டுதான். நாக்குல வெச்சாக்கூட ஒண்ணும் செய்யாது."

"அப்ப பால்காரரை?"

"அதை அக்காகிட்ட கேளு." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு இந்த ரயில் பிடிக்கல. முதல்ல இருந்தே பாக்கிறேன்."

என்னைக் கடித்தது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்கா காதுக்குப் போகும். போனால், இத்தனை வருஷம் அவர் என்மேல் வைத்திருக்கும் சந்தேகத்துக்கெல்லாம் ரயிலே சாட்சி சொன்னது போல் ஆகும். வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குள் என் கணக்கும் பொய்த்தது. கோயிலில் பூ கட்டுகிற பண்டாரம் ஒருநாள் வந்தார். காலை நன்றாகக் கழுவிக்கொண்டு, சொட்டச் சொட்டத் தரையில் நின்று, தண்டவாளத்தில் கையை வைத்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. விபூதி பூசிய முகத்தோடு சிரித்தார். "சுத்தமான மனசு," என்று அக்கா கும்பிட்டார். அப்படியானால் ஈரம் இல்லை, கள்ளம்தானா? அன்றைக்கு எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இருந்தாலும் துண்டை விடவில்லை.

இந்தப் பேச்சு பக்கத்து வீடுகளுக்கும் போனது. சிலர் வேடிக்கையாகத் தொட்டுப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் தொட்டுவிட்டு, "ஒண்ணுமில்லையே," என்று சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களில் சிலர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டதையும், சீக்கிரமே புறப்பட்டதையும் நான் பார்த்தேன். அடுத்த வீட்டு அம்மா அப்படித்தான் போனார். அவர் மலாக்காச் செட்டிக் குடும்பம். நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், பேச்சு மட்டும் மலாய். அவரை நாங்கள் காக் என்று கூப்பிடுவோம், மலாயில் அக்கா என்று அர்த்தம். அவர் ரயிலைத் தொட்ட அன்று உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அடுப்பில் சோறு இருக்கிறது என்று போனவர், கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அக்காவிடமும் நான் ஒன்றைக் கவனித்தேன். ரயிலை நகர்த்த வேண்டியிருந்தால் புடவைத் தலைப்பை நாலாக மடித்து, அதனால்தான் பிடிப்பார். அப்பளத்தை எடுக்கும்போதும் அப்படியே. சூடு என்பார். பெட்டிதானே சூடு, ரயில் எங்கே சூடு?

சுதந்திரத்துக்குப் பிறகு முதல் பொங்கல் வந்தது. காலையிலேயே வீட்டைக் கழுவிவிட்டோம். சாயங்காலம் தாமதமாகத்தான் படையல். காக் ஒரு தட்டு நிறைய குவே கொண்டுவந்தார். பச்சை நிறத்தில், தேங்காய்ப்பூ தூவிய பலகாரம். முதல்நாள் போகிக்கு அவர்கள் தங்கள் முன்னோருக்குப் படைப்பவர்கள், பொங்கலுக்கு எங்களுக்கும் கொடுப்பார். தட்டில் பூக்கோலம் மாதிரி வட்டமாக அடுக்கியிருந்தார். அக்கா அதை வாங்கிப் படையல் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

என் வீட்டுக்காரர் புது வேட்டியில் இருந்தார். விளக்கைக் கழற்றி ஒயரை மாட்டி, ரயிலை ஓடவிட்டார். படையலுக்காக மறுபடி கழுவிய தரை ஈரமாக இருந்ததால் பாய் நனையும் என்று, வட்டத்தை ஒரு பலகைமேல் வைத்திருந்தார். மகள் வாசலில் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் பொங்கலை இறக்கிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் குரல் கேட்டது. "இதில ஒண்ணு எங்கே?"

குவே வட்டத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது, பல் விழுந்தது போல.

"சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாடி யாரு வாயில போட்டது?" அக்காவின் பார்வை நேராக மகளிடம் போனது. "நீயா?"

"நான் இல்ல அத்தை."

"கையெல்லாம் பிசுக்குன்னு இருக்கே?"

"கரும்பு அத்தை."

"கரும்பா, குவேயா? போ, போய்க் கை கால் கழுவிட்டு வா."

அவள் கழுவிக்கொண்டு வந்தாள். அக்கா அவள் தோளைப் பிடித்து ரயிலுக்கு முன்னால் நிறுத்தினார். "தொட்டுச் சொல்லு. பொய் சொல்லலேன்னா ஒண்ணும் ஆகாது. சொன்னா சும்மா சுருக்னு ஒரு கடி, அவ்வளவுதான். அப்பத்தான் இனிமே திருட மாட்டே."

"நான் தின்னலயே," என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

"தொட்டுக் காட்டிடும்மா," என்றார் என் வீட்டுக்காரர், சமாதானமாக. அவருக்கு மகள் மேல் நம்பிக்கை, ரயில் மேலும் நம்பிக்கை.

நான் அடுப்படி வாசலுக்கு வந்தபோது அவள் குனிந்துகொண்டிருந்தாள். காலிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் சின்னக் குளமாக நின்றது. கை நீண்டுவிட்டது.

"தொடாதே! என்னைக் கடிச்சுது!"

அந்தக் குரல் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. கையில் இருந்த துணியோடு ஓடிப்போய் அவளை இடுப்போடு தூக்கிக்கொண்டேன்.

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "உன்னையா? எப்ப?"

"மூணு மாசம் இருக்கும்க்கா."

"மூணு மாசமா மறைச்சியா? அப்படி என்ன உன் மனசில?"

மகளை இறக்கிவிடாமல் நின்றேன். என்ன நினைத்துக்கொண்டாலும் நினைத்துக்கொள்ளட்டும், இறக்கிவிட மாட்டேன் என்று மட்டும் இருந்தது. அப்போது வாசற்படியில் நின்ற காக் வாயைத் திறந்தார்.

"சாயா புன் கெனா." எனக்கும் பட்டது என்றார். கையை நீட்டி முழங்கைவரை தடவிக் காட்டினார். வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை என்றார்.

என் வீட்டுக்காரர் ஒயரைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "தீபாவளிக்கு முன்னாடி, தரை கழுவின அன்னைக்கு..." என்றார். "எனக்கும் லேசா. நான் பிரமைன்னு நினைச்சேன்." ஒயரைக் கழற்றினார். ரயில் நின்றது.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவர் கை தானாகப் புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தது.

"என்னை எதுக்குப் பாக்கிறீங்க?" என்றார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "பால்காரனுக்கு முன்னாடி நான்தான். முதல் நாளே. அவனையும் கடிச்சதும்தான் எனக்கு மூச்சே வந்துது."

"ஏன்க்கா சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? அவர் போன அன்னைக்குக் காலையில சண்டை. சோறு போடாம அனுப்பினேன். தண்டவாளத்தோட போன மனுசன். இத்தனை வருஷம் கழிச்சு ரயிலு வீட்டுக்கு வந்து கடிச்சா நான் என்ன நினைக்கிறது?"

காக் உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

என் வீட்டுக்காரர் புது வேட்டியோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், நானாவை அழைத்து வந்தார். நானா மரக்கட்டைச் செருப்பு சடசடக்க வந்தவர், வாசலில் அதைக் கழற்றி, மரியாதையாகக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கடிக்கிறதா? இருக்கவே இருக்காது. கடையில நூறு தடவை தொட்டுப் பாத்துத்தான் குடுத்தேன். போடுங்க பாப்பம்." ஒயரை மாட்டச் சொல்லி, தரையில் நின்று தண்டவாளத்தைத் தொட்டார். "யா அல்லா!" என்று இரண்டடி பின்னால் போய்விட்டார்.

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே, "நானா பால்ல தண்ணி கலக்கிறதில்லையே," என்றார்.

நானா ஒயரைக் கழற்றச் சொல்லிவிட்டு, கோபமாகப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு விளக்குப் பல்பும், தகடு தகடாக அடுக்கிய ஏதோ ஒன்றும் இருந்தன. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு கோபம் போய், தரையைப் பார்த்துப் பேசினார்.

"இது கரண்டைக் குறைக்கும். வீட்டுக் கரண்டை விட்டுப் பிரிக்காது. ஒரு கம்பி நேரா மேலேயிருந்து ரயிலுக்கு வருது. பல்ப் ரயிலைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. அந்த வெள்ளைக்காரன் பெட்டியில ரெண்டு கம்பிச் சுருள் இருந்திருக்கும், ஒண்ணை ஒண்ணு தொடாம. கரண்டு தாண்டி வரும், கம்பி வராது. அது கிடைக்காதுன்னுதான் இப்படிச் செஞ்சேன். சில ரேடியோவில இப்படித்தான் இருக்கு."

"ரேடியோ கடிக்கிறதில்லையே," என்றார் என் வீட்டுக்காரர்.

"ரேடியோவுக்கு மரக்கூடு இருக்கு. உள்ள கை போடாதீங்கன்னா யாரும் போட மாட்டாங்க. ரயிலுக்கு..." நிறுத்திவிட்டார்.

"ரயிலைத் தொடாம எப்படி நானா விளையாடறது?"

நானா பெட்டியை மூடினார். கடையில் மரக்கட்டைச் செருப்போடு நின்று தொட்டதால்தான் தமக்குத் தெரியவில்லை என்றார். காய்ந்த பாயில் உட்கார்ந்தவர்களுக்கும் அதேதான், கரண்டு தரைக்குப் போக வழியில்லை. நான் பண்டாரத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல்தடவை. நானா மேலே ஒயரை மாட்டுகிற விளக்குக் கொக்கியைப் பார்த்தார். அந்த ஒயரை இந்தப் பக்கமாகவும் மாட்டலாம், திருப்பி அந்தப் பக்கமாகவும் மாட்டலாம், ஒரு பக்கம் கடிக்கும், மறுபக்கம் கடிக்காது, எந்த நாளில் எப்படி மாட்டினார்களோ என்றார்.

"அப்ப பண்டாரம் நல்லவருன்னு சொல்ல முடியாது," என்றார் அக்கா.

"கெட்டவருன்னும் சொல்ல முடியாதும்மா."

டார்ச் பேட்டரியை வரிசையாகக் கட்டி ஓட்டுங்கள், ஈரத்தில் நின்று தொட்டாலும் ஒன்றும் ஆகாது, பேட்டரிக்கு விளக்குக் கொக்கியோடு சம்பந்தமே கிடையாது என்று சொல்லிவிட்டு, அந்த மரப்பெட்டியை நானாவே எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என் மகள் தலையைத் தொட்டார்.

படையலைப் போட்டோம். அக்கா குவே தட்டைத் திருப்பி, காலியிடம் பின்பக்கம் வருகிற மாதிரி வைத்தார். என் மகளை மடியில் உட்காரவைத்து, முதல் பலகாரத்தை அவளிடம் கொடுத்தார். தின்றது அவள் இல்லை என்று அவர் சொல்லவில்லை. நீதான் என்றும் சொல்லவில்லை. கள்ளமில்லை, ஈரம்தான் என்று தெரிந்ததில் அவருக்கு நிம்மதி வந்ததா என்று நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தது போல் தெரியவில்லை. கடித்தது அக்காவின் கணவர் இல்லை என்றால், அவர் இன்னும் வரவில்லை என்றுதானே ஆகிறது.

அந்தக் குவேயைத் தின்றது யார் என்று இன்றுவரை தெரியாது. எனக்கு என் வீட்டுக்காரர் மேல்தான் சந்தேகம்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். என் வீட்டுக்காரர் சீனர் கடையில் டார்ச் பேட்டரி வாங்கிவந்து கட்டினார். ரயில் முன்னைவிட மெதுவாக ஓடியது. அக்கா அப்பளத்தை வெயிலில் வைத்தார். பால்காரர் காதுக்கும் சங்கதி போயிருந்தது, வழக்கம்போல் பால் ஊற்றினார். அன்றைக்குப் பால் கொஞ்சம் நீர்த்திருந்தது.